பட்டுக்குத் தீட்டில்லை

எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு, அதற்குள் வலது கை மோதிர விரலைச் சொருகிக்கொண்டு, என் அக்கா சிவகாமி பட்டாசல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சாறு மணிக்கட்டு வரைக்கும் வழிந்து ஈ மொய்த்தது. அதை ஓட்டக்கூட அவள் மற்றக் கையைத் தூக்கவில்லை. மார்கழிக் குளிர், விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். எனக்கு அப்போது பத்தோ பதினொன்றோ. அக்காவுக்குப் பதினைந்து நடந்தது. தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சேரன்மாதேவி.

"ரொம்ப வலிக்காக்கா?"

"விரல் வலிச்சதெல்லாம் முந்தாநாளு. இப்ப கைமுட்டு வரைக்கும் வலிக்குட்டீ. அம்மாட்ட சொல்லாதே."

அம்மாவுக்குத் தெரியாமல் என்ன. அவள்தான் பழத்தைத் துளைத்தது, வேப்பிலை அரைத்துக் கட்டியது, வெந்நீரில் உப்புப் போட்டு விரலை முக்கியது. எல்லாம் செய்தும் நகச்சுத்து அடங்கவில்லை. விரல் பிஞ்சுக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா வருகிறாள். வளையலுக்கும் மோதிரத்துக்கும் அளவெடுக்க வருகிறாள். அளவெடுக்க வேண்டிய விரல் எலுமிச்சம்பழத்துக்குள் இருக்கிறது.

அம்மாவின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு முழங்கையில் வெள்ளையாக ஒரு தேமல். பரிசம் போட்ட கல்யாணம் அதனாலேயே நின்றது. தேமலுக்கே அந்தப் பாடு என்றால், சீழ் கட்டின விரலைப் பார்த்துவிட்டுப் பெருவியாதி என்று ஒரு வாய் சொன்னால் போதும். அப்புறம் அக்காவுக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்துக் கதவு அடைபட்டுவிடும். அப்பா அறுப்பு பார்க்க வயல்காட்டுக்குப் போயிருந்தார். எல்லா முடிவும் அம்மா தலையில்தான்.

கொழும்பிலிருந்து வந்தது

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பியின் பேத்தி. கல்லூரி விடுதியில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள் விரலெல்லாம் சிவப்பாகப் பூசியிருந்தாள். அந்த நகப்பூச்சுக் குப்பி அவளுடையது இல்லையாம். விடுதியில் ஒருத்தி வாடகைக்கு விடுகிறாளாம். ஒரு தடவை பூசிக்கொள்ள ஒரு மசால்தோசை. ஒரே குப்பி, ஒரே தூரிகை, மாடிக்கு மாடி போய் வருகிறது.

"அடுத்தவள் நகத்தில் புண் இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"போங்க ஆச்சி, இது என்ன எச்சிலா?" என்று சிரித்தாள்.

அந்த ஒரு சொல் என்னைத் திருநெல்வேலியில் எங்கள் பழைய பட்டாசலில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டது.

எங்கள் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதினான். ஒரு தடவை ஊருக்கு வரும்போது, தன் பெண்டாட்டி கோமதி மதினிக்கு ஒரு தகரச் சிமிழ் கொண்டுவந்தான். உள்ளே ரோஜா நிறத்தில் கெட்டியான களிம்பு. கூடவே கட்டைவிரல் நீளத்தில் ஒரு மரக்கட்டை. அதன் அடியில் மெத்து வைத்து, மெல்லிய தோல் போர்த்தியிருந்தது. களிம்பை நகத்தில் தொட்டு வைத்து, கட்டையால் பரபரவென்று தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க நகம் இளஞ்சிவப்பாகி, விளக்கை வைத்தால் விளக்குத் தெரிகிற மாதிரி பளபளக்கும். வெள்ளைக்காரச்சிகள் செய்துகொள்வது அதுதான் என்றான் அண்ணன்.

மருதாணிக்கு ஒரு ராத்திரி பூரா கையை விரித்துக்கொண்டு கிடக்க வேண்டும். இதற்கு வெற்றிலை போடுகிற நேரம் போதும். தெருப் பெண்கள் மதினியின் விரலைப் பார்த்துச் சொக்கிப் போனார்கள்.

அம்மா மட்டும் அந்தக் கட்டையைத் தூரத்தில் இருந்தே பார்த்தாள்.

"ஏளா கோமதி, அது என்ன தோலு?"

"தெரியாது அத்தே. ஆட்டுத் தோலா இருக்கும்."

"ஆட்டுத் தோலை வச்சா என் வீட்டுல கையைத் தேய்ச்சே? அந்தக் கையாலயா உலை வச்சே?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் சமைத்தது அத்தனையும் மாட்டுத் தொட்டிக்குப் போனது. மதினி தலையோடு முழுகினாள். அவள் அழுத அழுகையில் அம்மாவுக்கே மனசு இளகிவிட்டது. சிமிழைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தோலைக் குச்சியால் பிய்த்துக் குப்பையில் தள்ளினாள். பெட்டியைத் திறந்து, தன்னுடைய கூறைப்புடவையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அதைக் கட்டையில் இறுக்கித் தைத்துக் கொடுத்தாள்.

"இது பட்டு. பட்டுக்குத் தீட்டு கிடையாது. இனிமே யாரும் தொடலாம்" என்றாள்.

சுமங்கலியின் கூறைப்பட்டு என்றதும் சிமிழுக்கு ஒரு ராசி வந்து ஒட்டிக்கொண்டது. தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணின் நகத்துக்குக் கொழும்புச் சிமிழ் வந்தாக வேண்டும். பிறகு தெரு தாண்டியது. ஆறு தாண்டியது. சேரன்மாதேவி வரைக்கும் போய்வந்தது. வாடகை என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிமிழ் ஒரு தடவையும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. ஒரு தேங்காயோ ஒரு சீப்புப் பழமோ கூடவே வரும். பழத்தைத் தின்றவர்களில் நானும் உண்டு.

எச்சில் பார்க்கிற வீடு

இப்போது படிப்பவர்களுக்கு இது புரிய வேண்டும் என்றால் எங்கள் வீட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் யாரும் செம்பை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்ததில்லை. அண்ணாந்துதான். எனக்குப் புரையேறி மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தாலும் அண்ணாந்துதான். ஊறுகாய்ச் சாடியில் ஈரக்கரண்டி போட்டவளை அம்மா ஒரு வாரம் திட்டுவாள். ஒருத்தி கடித்த கொய்யாவை இன்னொருத்தி வாங்கிக் கடித்தால் முதுகில் விழும். கொடியில் காய்கிற மடிப்புடவையை நான் தெரியாமல் உரசிவிட்டால், அந்தப் புடவை மறுபடி குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் நனைந்து வர வேண்டும். தாமிரபரணியே எங்கள் வீட்டுத் துணியால் சலித்திருக்கும்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வருவாள். முற்றம் வரைக்கும்தான் வருவாள். அவள் போனபிறகு உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அவள் தொட்ட ஊசியைக் கழுவுவார்கள். அவள் வாசலைத் தாண்டும் முன்பே தெளித்த நாட்களும் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இவ்வளவும் கழுவினோம். அந்தப் பட்டுத் துண்டைக் கழுவவில்லை. ஊரில் எத்தனை கல்யாணப் பெண்களின் விரலில் அது தேய்ந்ததோ, அத்தனைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேல் படவில்லை. தங்க நிறத்தில் இருந்தது கருஞ்சிவப்பாகி, மெழுகு பிடித்த மாதிரி விறைத்துப் போனது. அந்தக் கறுப்பைக்கூட ராசி என்றுதான் சொன்னார்கள்.

அதை அழுக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த அழுக்கின் வகைகளில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகையில் சிமிழ் வீடு திரும்பியது. மார்கழி பிறந்ததும் ஒரு மத்தியானம், அக்காவும் எதிர் வீட்டுப் பார்வதியும் ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். பார்வதி அக்காவுக்குச் சேக்காளி, கல்யாணத்தில் தோழியும் அவள்தான். புளி கோதி அக்காவின் நகக்கண்ணில் தோல் பிய்ந்திருந்தது. அதன் மேலேயே தேய்த்தாள். எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன். "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு" என்று விரட்டிவிட்டார்கள். நான் பிழைத்தது அப்படித்தான்.

மோதிர அளவு

வில்வண்டி வாசலில் வந்து நின்றது. சேரன்மாதேவி அத்தை இறங்கினாள். அக்காவுக்கு மாமியாராகப் போகிறவளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆள் நல்ல ஆகிருதி. குரல் அதைவிடப் பெரிது. அம்மாவுக்கு அவளைக் கண்டால் உள்ளூர நடுக்கம்.

"பிள்ளை எங்க? கையை நீட்டச் சொல்லுங்க. ஆசாரி சாயங்காலமே அளவு கேக்கான்."

அம்மா ஒரு தாம்பாளத்தில் அக்காவின் பழைய மோதிரத்தை வைத்து நீட்டினாள். "இன்னா இருக்கு சம்பந்தியம்மா. இதே அளவுதான்."

"இது சின்னப் பிள்ளையில போட்டதுல்லா?" என்று அத்தை அதைத் தன் சுண்டு விரலில் போட்டுப் பார்த்தாள். போகவில்லை. "சரி, சாப்பிட்டுட்டுப் பாத்துக்கிடுவோம். பிள்ளையும் எங்கூட உக்காரட்டும்."

இலை போட்டார்கள். அக்காவுக்குப் போட்ட இலையை மதினி பைய எடுத்தாள்.

"அவ விரதம்" என்றாள் அம்மா. "திருவாதிரை வரைக்கும் பகல்ல பச்சத்தண்ணி கூடக் கிடையாது. கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு அவளா இருக்கா. உள்ள படுத்திருக்கா."

கையைக் காட்டாமல் இலையில் உட்கார முடியாதே. அதற்காக அம்மா கண்டுபிடித்த விரதம் அது. ஒரு வாரமாக வருகிறவர்களிடம் எல்லாம் அதைத்தான் சொன்னாள். பக்தியான பிள்ளை என்று தெருவே அக்காவை மெச்சிக்கொண்டிருந்தது.

அத்தை சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

"எத்தனை நாளா விரதம்?"

"ஒரு வாரமா இருக்கும்."

"அதுக்கு முன்ன கொழும்புச் சிமிழ் போட்டாளா?"

அம்மாவின் கண் உள்ளறைப் பக்கம் போனது. அத்தை பரிமாறின இலையை விட்டு எழுந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் சம்பந்தி இலையை விட்டு எழுந்தால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம். அத்தை கையைக்கூடக் கழுவாமல் நேரே உள்ளறைக்குப் போனாள். அம்மா ஓடிப்போய் நிலையை மறித்து நின்றாள்.

"படுத்திருக்கா சம்பந்தியம்மா. எழுப்ப வேண்டாம்."

அம்மாவின் தோளுக்குப் பின்னால் இருந்து அக்கா கையை நீட்டினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. தானாகவே நீட்டினாள்.

"எனக்கு விரதம் ஒண்ணும் இல்லத்தே" என்றாள். "எனக்குக் கை வலிக்கு. பசிக்கு."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தை அக்காவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய உடம்போடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வள்ளிக்கும் விரதம்னுதான் நான் சொன்னேன்" என்றாள்.

வள்ளி அவளுடைய மகள். ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. அந்தக் கல்யாணத்துக்குச் சிமிழ் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. நாங்களும் போய்ச் சாப்பிட்டு வந்தோம். மணப்பெண் விரதத்தில் இருக்கிறாள் என்று கேட்டுப் பெருமைப்பட்டவளே எங்கள் அம்மாதான்.

"கல்யாணம் முடியட்டும், முடியட்டும்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். மறுவீடு போன இடத்துல விரல் அழுகிப் போச்சு. மேல் கணுவை வெட்டி எடுத்தாவ. இப்ப அவளால ஒரு சரம் பூத்தொடுக்க முடியாது. கதவு நெரிச்சுட்டுதுன்னு ஊருக்குச் சொல்லியிருக்கோம்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "தெரிஞ்சேதான் சிமிழைத் திருப்பிக் கொடுத்தனுப்புனீகளா?"

"சிமிழ்ல இருந்து வந்துச்சுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? இன்னைக்கு நீங்க விரதம்னு சொன்ன பிறவுல்லா ரெண்டையும் சேத்து யோசிக்கேன். ஆனா புண்ணை மறைச்சது நான்தான். சொல்லியிருந்தா நீங்களாவது யோசிச்சிருப்பீக." அத்தை எழுந்தாள். "அழுதது போதும். வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. பாளையங்கோட்டையில மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு. வள்ளியைக் கொண்டுபோகாத இடத்துக்கு இவளைக் கொண்டுபோவோம்."

"கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்கா?" என்றாள் அம்மா.

"விரல் வேணுமா வேண்டாமா?"

பட்டும் சீழும்

ஆற்றுப்பாலத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அக்கா பல்லைக் கடித்தாள். அக்காவைப் பிடித்துக்கொள்ள மதினி ஏறினாள்; நான் அழுத அழுகைக்குப் பயந்து என்னையும் ஏற்றியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு தமிழ் டாக்டரம்மா. வெள்ளைச் சேலை, இழுத்து முடிந்த கொண்டை. இங்கிலீஷ் பேசுவாளோ என்று பயந்துகொண்டு போனோம். வாயைத் திறந்தால் எங்களைப் போலவே பேசினாள். சுடுதண்ணீரும் காரமான மருந்து வாடையும் அறை முழுக்க இருந்தது. கத்தி பட்டபோது அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் விரல் ஒடிந்துவிடும் போல் இருந்தது. கிண்ணத்தில் வடிந்ததை நான் பார்த்தேன். பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எலும்புக்குப் போயிருக்கும்" என்றாள் டாக்டரம்மா. "இந்த விரலை என்ன தொட்டுச்சு?"

"எங்க வீட்டுல கண்டதையும் தொட மாட்டோம்" என்றாள் அம்மா விறைப்பாக.

மதினிதான் எல்லாவற்றையும் சொன்னாள். சிமிழ், களிம்பு, கட்டை, தோலுக்குப் பதிலாகத் தைத்த பட்டு, போய்வந்த வீடுகள்.

"அந்தப் பட்டை எப்பம்மா துவைச்சீங்க?"

மதினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா டாக்டரம்மாவை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"பட்டை எதுக்குத் துவைக்கணும்? அதுக்குத் தீட்டு கிடையாதே."

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே திரும்பினாள். குரலில் கேலி இல்லை. "தீட்டு இல்லாம இருக்கட்டும்மா. சீழ் இருக்கு. ஒருத்தி விரலுல உள்ளதை அது அடுத்தவ விரலுக்குக் கொண்டுபோயிருக்கு. அதை எரிச்சுடுங்க. களிம்பையும் கொட்டிடுங்க. அப்புறம் இந்தச் சிமிழ் போன வீடுகள்ல கேட்டுப் பாருங்க. வேற யாருக்காவது விரல் வீங்கியிருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. எவ்வளவு சீக்கிரம் வாராங்களோ அவ்வளவு விரல் மிஞ்சும்."

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரித் தீட்டுக்காக நாங்கள் எல்லாரும் முழுகினோம். அந்தக் குளிரில் அக்காவும் கையைத் தூக்கிக்கொண்டு முழுகினாள். அதன் பிறகு அம்மா, தன் கூறைப்பட்டின் துண்டைத் தானே அடுப்பில் போட்டாள். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. அன்று அம்மா சாப்பிடவில்லை.

கேட்டுப் பார்க்க ஆள் இல்லை

எரித்தாயிற்று. கேட்டுப் பார்ப்பது யார்?

"வீடு வீடாப் போய், உங்க பிள்ளைக்கு விரல் அழுகுதான்னு கேக்கவா?" என்றாள் அம்மா. "எதுக்குக் கேக்கேன்னு அவுக கேட்டா என்ன சொல்ல? என் பிள்ளைக்கு அழுகிச்சுன்னா? கல்யாணம் முடியட்டும்."

கல்யாணம் முடியட்டும். இதே வார்த்தையை அத்தை சொல்லி ஒரு பகல் கூட ஆகவில்லை.

"பார்வதியும் அன்னைக்குப் போட்டுக்கிட்டாளே" என்று மதினி என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "நீ போய்ப் பாத்துட்டு வா. விளையாடப் போற மாதிரி போ."

போனேன். பார்வதியின் அம்மா கதவைப் பாதி திறந்தாள். பார்வதிக்குத் தலைவலி, தூங்குகிறாள் என்றாள். கையில் ஏதாவது புண் இருக்கிறதா என்று கேட்டேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது.

"யாரு சொன்னா உனக்கு?" என்றாள். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. தென்காசியில இருந்து பெண் பாக்க வரப்போறாவ. எங்கயாவது எதையாவது உளறினே, அப்புறம் உனக்கு நல்லா இருக்காது."

கதவை அடைத்தாள். நான் மதினியிடம் வந்து தலைவலியாம் என்றேன். மதினிக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அம்மா காதில் வாங்கிக்கொள்ளாமல் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். மாமியாரை மீறி எதிர் வீட்டுப் படியேற மதினிக்கு அந்தக் காலத்தில் ஏது தைரியம்.

அப்படியே மார்கழி கழிந்தது.

நலுங்கு

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நலுங்கு. பட்டாசல் நிறையப் பெண்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வில்வண்டிகளில் வந்து இறங்கிவிட்டார்கள். அம்மா அந்தப் பழைய கூறைப்பட்டைத்தான் உடுத்தியிருந்தாள், வெட்டின ஓரத்தை உள்ளே மடித்துவிட்டு.

அக்காவின் விரல் ஆறிக்கொண்டிருந்தது. நகம் விழுந்துவிட்டது, விரல் பிழைத்துவிட்டது. ஆனாலும் கட்டு இருந்தது. அந்தக் கட்டுத்துணியை அம்மா மஞ்சளில் முக்கிக் காயவைத்து, மணிக்கட்டையும் சுற்றிக் கட்டியிருந்தாள். பார்க்கிறவர்கள் காப்பு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அம்மாவின் மூளையை என்ன சொல்ல.

நலுங்கு வைக்க முதலில் சேரன்மாதேவி அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் சந்தனக் கிண்ணத்தோடு அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் துணியைப் பார்த்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டாள்.

"இது காப்பு இல்ல" என்றாள். அந்தக் குரலை மெதுவாக்கவும் அவளுக்குத் தெரியாது. பாட்டு நின்றுவிட்டது. "புண்ணுக்குக் கட்டின கட்டு. என் மருமவளுக்கு நகச்சுத்து வந்து பாளையங்கோட்டையில அறுத்தது. நான்தான் கூட்டிட்டுப் போனேன். எங்க வள்ளிக்கும் இதுதான் வந்தது. அவ விரலைக் கதவு நெரிக்கல. நான் பொய் சொன்னேன்."

வள்ளி சுவரோரம் நின்றாள். கல்யாணமான நாள் முதல் அவள் வலது கை முந்தானைக்குள்தான் இருந்தது, யாரும் அதைப் பார்த்ததில்லை. அவள் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். என்ன பார்வை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு கையை வெளியே எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள். மோதிர விரல் பாதியில் நின்றது.

"கொழும்புச் சிமிழைப் பழிக்கதுக்காகச் சொல்லல" என்றாள் அத்தை. "துவைக்காத துணி கொண்டுபோயிருக்கு. நம்ம வாயி மூடிக்கிட்டுக் கூடவே போயிருக்கு. வேற யாருக்காவது இருந்தா இங்கனயே சொல்லுங்க. ஒரு பொம்பளையும் சிரிக்க மாட்டா. சிரிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி கையை நீட்டினாள். நகம் குறுக்கே மடிந்து முளைத்திருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, நகமே இல்லாத விரல். தூணோரம் இருந்த ஒருத்தி இரண்டு விரலைக் காட்டினாள். ஒவ்வொருத்தி கல்யாணத்திலும் நாங்கள் பாயசம் குடித்திருக்கிறோம். ஒருத்தி கையும் எங்கள் கண்ணில் பட்டதில்லை. இத்தனை பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்களே என்று எனக்கு இருந்தது.

அப்போது பார்வதியின் அம்மா எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் பார்வதியை இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மற்றக் கை ஒரு பழந்துணியில் சுற்றியிருந்தது. வாசல்படியிலேயே வாடை வந்துவிட்டது.

முதலில் எழுந்தது எங்கள் அம்மாதான். நலுங்குக்கு முழுகி, மடிப்பட்டு உடுத்தி, யாரும் தொடாமல் நின்றவள், பார்வதியைத் தன் பக்கத்தில் உட்கார்த்தி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். துணியைப் பிரித்தாள். சீழ் பட்டில் வழிந்தது. அம்மா சேலையை ஒதுக்கவில்லை.

"வண்டியைப் பூட்டச் சொல்லுங்க" என்றாள். "நான் கூட்டிட்டுப் போறேன்."

"நலுங்கு?" என்றாள் யாரோ.

"வந்து வச்சுக்கிடலாம்."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி திரும்பியது. பார்வதியின் விரலில் மேல் கணு இல்லை. சின்னப் பிள்ளை வந்து வாசலில் கேட்ட அன்றே கொண்டுவந்திருந்தால் விரல் முழுசாக இருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாளாம். அம்மா அதை எங்களிடம் ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஆயுசு முழுவதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் முகூர்த்தம். அக்காவின் கையை மாப்பிள்ளை கட்டோடு சேர்த்துப் பிடித்தார். பார்வதி வரமாட்டாள் என்றிருந்தோம். காய்ச்சலோடு வந்து தோழியாக அக்காவின் பக்கத்தில் நின்றாள். தென்காசியிலிருந்து அவளைப் பார்க்க வரவேண்டியவர்களும் கல்யாணத்துக்கு வந்து, பந்தலில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மா கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள். பார்வதி கையை முந்தானைக்குள் வைக்கவில்லை.